பிரம்பு வசனம் எங்கே இருக்கிறது என்று கேட்ட மாணவனுக்கு



இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து வாசியுங்கள்.

பத்து நாளைக்கு முன்னால் ஒரு மாணவன் போன் செய்தான். மாணவன் என்று சொன்னாலும் அவனுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. திருப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறான். எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் உண்டு. நலம் விசாரித்து முடித்த பிறகும் போனை வைக்காமல் தயங்கினான்.

“டீச்சர், அஞ்சாப்புல நம்ம போர்டுக்கு மேல ஒரு வசனம் மாட்டியிருப்பீங்கல்லா, பிரம்பு வசனம்? அது பைபிள்ல எந்த எடத்துல இருக்கு?”

“எதுக்குப்பா இப்போ?”

மெதுவாகச் சொன்னான். பையன் ராத்திரி முழுக்கச் செல்போனும் கையுமாக இருந்திருக்கிறான். பரீட்சையில் இரண்டு பாடத்தில் போய்விட்டது. இவன் பெல்ட்டைக் கழற்றி அடித்திருக்கிறான். முதுகில் தடிப்பு. இரண்டு நாளாக மனைவி இவனோடு பேசவில்லை.

“அவ தெனமும் செபமாலை சொல்றவ டீச்சர். வசனத்தக் காட்டினா ஒத்துக்கிடுவா. நீங்களே எங்கள அடிச்சுத்தானே ஆளாக்குனீங்க?”

அதிகாரமும் வசனமும் என் நாக்கு நுனியில் இருந்தன. நீதிமொழிகள் 13:24. ஆனால் சொல்ல வாய் வரவில்லை. “பாத்துட்டுச் சொல்லுதேன்” என்று போனை வைத்துவிட்டேன். பார்த்துச் சொல்ல வேண்டிய தேவையே எனக்கு இல்லை என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அவன் ஒருவனுக்கு மட்டும் சொல்ல வேண்டியதும் இல்லை. அவனிடம் கேட்டுக்கொண்டு, பெயர் சொல்லாமல், இங்கே எழுதுகிறேன்.

1982-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தேன். குழந்தை உளவியல் என்று ஒரு பாடம் இருந்தது. ஃப்ரோபெல், பெஸ்டலாசி, மாண்டிசோரி அம்மையார் எல்லாரையும் படித்துத்தான் தேர்வு எழுதினோம். மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் என்பதை எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். வகுப்புக்குள் போன முதல் வாரமே மூத்த ஆசிரியை ஒருவர் என் கையில் ஒரு பிரம்பைக் கொடுத்து, “இது இல்லாம உள்ள போகாத மக்களே, ஏறி மிதிச்சிருவானுவ” என்றார். படித்ததெல்லாம் நோட்டில் இருந்தது. பிரம்பு கையில் இருந்தது.

நம் ஊரில் இதற்குப் பழமொழிக்குப் பஞ்சமா? அடியாத மாடு படியாது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான். என் அப்பா இதைச் சொல்லித்தான் என்னை அடித்தார். அப்பாவை அவருடைய அப்பா அடித்தார். இதை நான் விவிலியத்திலிருந்து கற்கவில்லை. வீட்டுத் திண்ணையிலிருந்து கற்றேன். பிறகு ஞானோபதேச வகுப்புக்காகத் தேடும்போது நீதிமொழிகளில் அந்த வசனம் கண்ணில் பட்டது. பிரம்பைக் கையில் எடுக்காத தகப்பன் மகனை வெறுக்கிறான், நேசிக்கிறவன் தண்டித்துத் திருத்துவான் என்ற பொருளில் வரும். எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? சார்ட் அட்டை வாங்கி, சிவப்பு மையில் பெரிதாக எழுதி, ஓரத்தில் பூ வரைந்து, கரும்பலகைக்கு மேலே மாட்டினேன்.

இதை நன்றாகக் கவனியுங்கள். முதலில் பழக்கம் இருந்தது. வசனம் பிறகுதான் வந்தது. நான் வசனத்தை வாசித்து அதன்படி நடந்தவள் இல்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததற்கு வசனத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியவள். இந்த வித்தியாசம் புரிய எனக்கு முப்பது வருடங்களுக்கு மேல் ஆயிற்று.

இனி 1991-ல் நடந்தது. அந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கலாம். யார் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து கமெண்டில் பெயர் போட வேண்டாம். இதை எழுத அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பெயர் வேண்டாம் என்றார்.

மார்ச் மாதம். தவக்காலம். பனையில் பதனீர் இறங்கத் தொடங்கிவிட்ட நேரம். நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூரில் பிறந்த உங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பனையேறுகிறவர் விடியுமுன் மரமேறிப் பதனீர் இறக்குவார். அதை விடிலிக்குச் சுமந்து வந்து பெரிய சட்டியில் ஊற்றிக் காய்ச்சி, பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. காய்ச்சுவது வீட்டுப் பெண்கள் வேலை. பிள்ளைகள் சுள்ளி பொறுக்கிக் கொடுக்கும், பதனீர் சுமக்கும்.

அந்தப் பையன் மூன்றாவது நாளாகத் தாமதமாக வந்தான். காலை முதல் பாடவேளை ஞானோபதேசம். சட்டையில் புகை வாடை. நான் “கையை நீட்டு” என்றேன். கையை நீட்டினான், ஆனால் விரல்களை மடக்கியே வைத்திருந்தான். “விரி” என்றேன். விரிக்கவில்லை. திமிர் என்று நினைத்துவிட்டேன். மூடிய விரல் முட்டியில் இரண்டு அடி கொடுத்தேன். விரித்துவிட்டான். உள்ளங்கையில் ஒரு அடி. அப்புறம்தான் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அதில் ஒன்று உடைந்து நீர் வடிந்தது.

அவன் அழவில்லை. நான் “போய் உட்கார்” என்று மட்டும் சொன்னேன். மதியம் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவன் அம்மாவுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். பத்து வயதுப் பிள்ளை விடிலியில் தானே காய்ச்சிவிட்டுப் பள்ளிக்கூடம் வந்திருக்கிறது. சட்டியை இறக்கும்போது கையில் கொட்டிவிட்டது.

அதோடு நான் பிரம்பைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. இரண்டு நாள் மனசு சரியில்லை. அவன் வீட்டுக்கு ரொட்டி வாங்கிக்கொண்டு போனேன். ஆனால், “அவனுக்கு அடிபட்டது தெரியாமல் நடந்தது, மற்றபடி ஒழுங்கு ஒழுங்குதானே” என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வசனம் மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஜனவரி 31-ல் புனித தொன் போஸ்கோ திருநாளுக்கு மிட்டாய் கொடுப்போம், ஞாபகம் இருக்கிறதா? அவர் ஒன்பது வயதில் கண்ட கனவைக் கதையாகச் சொல்வேன். கெட்ட வார்த்தை பேசிச் சண்டை போட்ட பையன்களை அவர் கைமுஷ்டியால் அடக்கப் போனபோது, அடியால் அல்ல, கனிவாலும் அன்பாலும்தான் இவர்களை வெல்ல வேண்டும் என்று ஒரு குரல் அவரைத் தடுத்தது. கதையை அழகாகத்தான் சொன்னேன். சொல்லும்போதும் பிரம்பு மேசை மேலேயே இருந்தது.

பிறகு கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2009-ல் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம். அதன் 17-ஆவது பிரிவு பிள்ளைகளை உடலாலும் மனதாலும் துன்புறுத்தக் கூடாது என்கிறது. நான் பிரம்பை அலமாரிக்குள் வைத்தேன். ஆனால் நாக்கை எங்கே வைப்பது? “நீ உருப்பட மாட்டே”, “ஒங்க அப்பன் புத்திதானே ஒனக்கும் வரும்” என்று எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறேன்! அதே வாயால் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வாசகம் வாசித்தேன். ஒரே நாவால் கடவுளைப் போற்றுகிறோம், அவர் சாயலில் படைக்கப்பட்ட மனிதரைச் சபிக்கிறோம் என்று யாக்கோபு தம் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் எழுதியிருப்பது என்னை நேரில் பார்த்து எழுதியது போல இருக்கும்.

2017-ல் ஓய்வு பெற்றேன். அடுத்த வருடம் விவிலியம் படிக்க வார இறுதி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்த சிஸ்டருக்கு என் மகள் வயது. முதல் நாள் அவர், “நீங்க வாழ்க்கையில அதிகமா பயன்படுத்துன ஒரு வசனத்த எழுதிட்டு வாங்க” என்றார். கவனியுங்கள், பிடித்த வசனம் என்று கேட்கவில்லை. பயன்படுத்திய வசனம்! நான் யோசிக்காமல் இதை எழுதினேன்.

அதற்குள் ஒரு தியானத்தில் இந்த வசனத்துக்கு ஒரு விளக்கம் கேட்டிருந்தேன். எபிரேயத்தில் இங்கே வருகிற சொல் ‘ஷேவெத்’. திருப்பாடல் 23-ல் ஆயனின் கோலுக்கும் இதே சொல்தான். ஆயன் கோலால் ஆட்டை அடிப்பதில்லை, வழிநடத்துகிறான், ஆகவே இந்த வசனம் அடிக்கச் சொல்லவே இல்லை என்று அந்தப் போதகர் சொன்னார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. வகுப்பில் எழுந்து அதையே சொன்னேன்.

சிஸ்டர் சிரித்தார். “சொல் ஒண்ணுதான், சரிதான் டீச்சர். இப்ப அதே புத்தகத்துல 23:13 வாசிங்க.”

வாசித்தேன். பிள்ளையைப் பிரம்பால் அடித்தால் அவன் செத்துவிட மாட்டான் என்ற பொருளில் இருந்தது. அங்கே வழிநடத்துகிற பேச்சே இல்லை. அடிதான்.

“இப்ப சீராக் 30 எடுங்க.” சீராக் நம் கத்தோலிக்க விவிலியத்தின் 73 நூல்களில் ஒன்று. பிரிவினை சபைச் சகோதரர்களின் விவிலியத்தில் இராது. அந்த அதிகாரம் இன்னும் கடுமை. மகன்மேல் அன்புள்ளவன் அவனை அடிக்கடி அடிப்பான் என்று தொடங்குகிறது. போகப் போக, மகனோடு சேர்ந்து சிரிக்காதே, பிறகு வருத்தப்படுவாய் என்றும் இருக்கிறது.

சிஸ்டர் கேட்டார்: “மொத வசனத்தப் பின்பற்றுனவங்க எல்லாரும் இந்தப் பத்தாவது வசனத்தையும் பின்பற்றுனீங்களா? பிள்ளைங்களோட சிரிக்காம இருந்தீங்களா?”

வகுப்பே அமைதியாகிவிட்டது. நான் என் மகனோடு சிரித்திருக்கிறேன். உங்களோடும் எவ்வளவோ சிரித்திருக்கிறேன். அதற்காக ஒரு நாளும் பாவசங்கீர்த்தனம் செய்ததில்லை. அப்படியானால் ஒரே அதிகாரத்தில் எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டிருக்கிறேன். எடுத்தது எது, விட்டது எது என்று தீர்மானித்தது கடவுள் இல்லை. என் கை.

அந்த வகுப்பில்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ‘இறை வெளிப்பாடு’ என்ற ஏட்டை முதன்முதலாக முழுதாக வாசித்தேன். 1965 நவம்பர் 18-ல் வெளியானது. அப்போது எனக்கு ஆறு வயது. அறுபதை நெருங்கும்போதுதான் கைக்கு வந்தது. அதில் 12-ஆவது பத்தி, எழுதியவர் எந்தக் காலத்தில், எந்த இலக்கிய வகையில், என்ன சொல்ல நினைத்து எழுதினார் என்று முதலில் பார் என்கிறது. அதோடு நிற்காமல், மறைநூல் முழுவதையும் சேர்த்து வைத்து, திருச்சபையின் மரபோடு வாசி என்கிறது. 15-ஆவது பத்தி, பழைய ஏற்பாட்டு நூல்களில் நிறைவு பெறாதவையும் அந்தந்தக் காலத்துக்கு மட்டும் உரியவையும் உண்டு என்று ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறது. கடவுள் ஒரு நல்ல ஆசிரியரைப் போலத் தம் மக்களைப் படிப்படியாக வளர்த்தார் என்பது அதன் கருத்து. ஒன்றாம் வகுப்புக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்துத்தான் ஐந்தாம் வகுப்புக்குக் கட்டுரை சொல்லிக்கொடுக்கிறோம். இது எனக்கு உடனே புரிந்தது.

ஆகவே நீதிமொழி எழுதிய தகப்பன் பொய் சொல்லவில்லை. பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விடுவது அன்பு அல்ல என்கிறார். அது இன்றும் உண்மை. அதற்கு அவர் காலத்தில் அவருக்குத் தெரிந்த கருவி கோல். உண்மையை வைத்துக்கொண்டு கருவியை விட்டுவிடலாம் என்று எனக்கு எப்படித் தெரியும்? முழு விவிலியத்தையும் வாசித்தால் தெரியும். தந்தையரே, பிள்ளைகளுக்கு எரிச்சல் மூட்டாதீர்கள், அவர்கள் மனம் தளர்ந்துவிடுவார்கள் என்று கொலோசையருக்கு எழுதிய திருமுகம் சொல்கிறது. இயேசு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார் என்று மாற்கு 9-ல் வாசிக்கிறோம். நான் பிள்ளையை நடுவில் நிறுத்தியதெல்லாம் முட்டி போட வைக்கத்தான். இயேசு நடுவில் நிறுத்தி அணைத்துக்கொண்டார். அடுத்த அதிகாரத்தில் இயேசு கோபப்படுகிறார். யார்மேல்? பிள்ளைகள்மேல் இல்லை. பிள்ளைகளை அதட்டிய சீடர்கள்மேல்!

இதை எங்கள் அன்பியக் கூட்டத்தில் சொன்னபோது என் கொழுந்தனார் விடவில்லை. “அப்ப இயேசு கோவில்ல சாட்டை எடுத்தாரே மதினி, அது என்ன?” என்றார். நல்ல கேள்விதான். மத்தேயு 21-ஐ எடுத்து எல்லோருமாக வாசித்தோம். வியாபாரிகளை விரட்டிய அதே கோவிலில், அதே நாளில், பிள்ளைகள் ஓசன்னா என்று கத்திக்கொண்டிருக்கிறார்கள். தலைமைக் குருக்களுக்கு எரிச்சல். இயேசு பிள்ளைகள் பக்கம் பேசுகிறார். மேசைகளைக் கவிழ்த்த கைக்குப் பயந்து எந்தப் பிள்ளையும் ஓடவில்லை, பாடிக்கொண்டிருந்தது. கொழுந்தனார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, காப்பி குடுங்க” என்றார்.

படித்தது இவ்வளவு. வாழ்வது அதற்கப்புறம்தான் இருந்தது.

2020 பிப்ரவரி 16, ஞாயிறு. பொதுக்காலத்தின் ஆறாம் ஞாயிறு. முதல் வாசகம் வாசிப்பது என் முறை. முந்தின நாள் எடுத்துப் பார்த்தேன். மறுபடியும் சீராக்! இந்த முறை 15-ஆம் அதிகாரம். நெருப்பையும் நீரையும் கடவுள் உன்முன் வைத்திருக்கிறார், எது வேண்டுமோ அதன் பக்கம் கையை நீட்டிக்கொள் என்று வருகிற பகுதி. வீட்டில் மூன்று முறை வாசித்துப் பார்த்தேன். தடங்கல் இல்லை. கோவிலில் வாசகமேடையில் நின்று அந்த இடத்துக்கு வந்தபோது எனக்குக் குரல் எழும்பவில்லை. ‘கையை நீட்டு’ என்று எத்தனை ஆயிரம் முறை சொன்னவள் நான்! மடக்கிய விரல்கள் கண்முன் வந்தன. எப்படியோ முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அன்றைய நற்செய்தி மத்தேயு 5. பீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது உன்மேல் ஒருவருக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் அவரோடு சமாதானமாகு என்கிறார் இயேசு. உனக்கு யார்மேலாவது மனத்தாங்கல் இருந்தால் என்று சொல்லவில்லை. உன்மேல் இன்னொருவருக்கு இருந்தால் என்கிறார். பிள்ளைகளை அடித்தேன் என்று பொதுவாகப் பல முறை பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். சாமியார் பாவமன்னிப்புக் கொடுத்து மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார். சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று நான் நன்மை வாங்கப் போகவில்லை.

ஊர்த் திருவிழாவுக்கு வருவான், நேரில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அடுத்த மாதமே கொரோனா ஊரடங்கு. கோவிலே பூட்டிக் கிடந்தது. அந்த இரண்டு வருடங்களில் இறந்தவர்களில் என் மாணவர்களும் இருந்தார்கள். இனி அவனைப் பார்க்காமலே நானும் போய்விடுவேனோ என்று பயந்திருக்கிறேன்.

2022 திருவிழாவில், சப்பரம் சுற்றி வருகிற இரவில், கோவில் பக்கத்து டீக்கடையில் அவனைப் பார்த்தேன். முன்நெற்றி வழுக்கை விழுந்திருந்தது. பக்கத்தில் மகள் நின்றாள். நான் போய் நின்றதும் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நேரே சொல்லிவிட்டேன்.

“தம்பி, அஞ்சாப்புல ஒரு நாள் ஒங் கையில வெந்த புண்ணு மேல அடிச்சுப்புட்டேன். அன்னைக்கே மன்னிப்புக் கேட்டிருக்கணும். இப்பக் கேக்கேன்.”

தலையைக் குனிந்துகொண்டான். “அது என்ன டீச்சர், எப்பவோ நடந்தது. அடி மறந்துட்டு” என்றான். கொஞ்சம் பொறுத்து, “ஆனா ஒண்ணு டீச்சர். நீங்க அடிக்கும்போது நான் ஒங்க மூஞ்சியப் பாக்கல. மேல அந்தச் செவப்பு எழுத்தத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். சரி, சாமியும் டீச்சர் பக்கம்தான்னு நெனச்சேன்.”

பிள்ளைகளே, நான் முப்பத்தைந்து வருடம் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவள். பத்துக் கட்டளை, ஏழு அருளடையாளம், செபங்கள் எல்லாம் உங்களுக்கு மனப்பாடம் ஆகும்வரை விடாதவள். அந்தப் பிள்ளை என்னிடம் கற்ற ஞானோபதேசம், சாமியும் டீச்சர் பக்கம் என்பது. திருவிழாவுக்கு அம்மாவுக்காக வருவேன், மற்றபடி கோவில் பக்கம் போவது குறைவு என்றும் சொன்னான். அதற்கு நான் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். நான் காரணமே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. கடைக்காரரைக் கூப்பிட்டு, “டீச்சருக்கு ஒரு டீ, சீனி இல்லாம” என்றான். எனக்குச் சர்க்கரை இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை தெரியவில்லை. வாங்கிக் குடித்தேன்.

இப்போது திருப்பூர் மாணவனுக்கு என் பதில்.

நீ கேட்ட வசனம் நீதிமொழிகள் 13:24. மறைக்கவில்லை. ஆனால் அதை உன் மனைவியிடம் கொண்டு போகாதே. அலகை இயேசுவைச் சோதித்தபோது அவனும் திருப்பாடல் 91-ஐத்தான் எடுத்துக் காட்டினான், இல்லையா? வசனம் உண்மையான வசனம். கோவில் உச்சியிலிருந்து குதிக்க வைக்க அதைப் பயன்படுத்தியதுதான் தப்பு. இயேசு அதற்கு இன்னொரு வசனத்தால் பதில் சொன்னார். ஒரு வசனத்தை மட்டும் பிய்த்துக் கையில் எடுத்தால் அது சோதனைக்காரன் கையிலும் பொருந்தும்.

நான் இப்போது வாசிக்கிற முறையைச் சொல்கிறேன். இது பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. ஒரு வசனம் பிடித்துப்போனால் அதற்கு முன்னும் பின்னும் ஒரு அதிகாரம் வாசிக்கிறேன். இது யார் யாருக்குச் சொன்னது என்று பார்க்கிறேன். நற்செய்தியில் இயேசு இப்படி நடந்துகொண்டாரா என்று தேடுகிறேன். கடைசியாக, இப்படிப் புரிந்துகொண்டால் யாருக்கு வசதி, யாருக்கு வலி என்று கேட்டுக்கொள்கிறேன். வசதி எனக்கும் வலி என்னைவிடச் சின்னவர்களுக்கும் என்று விடை வந்தால், அந்த வசனத்தை நான் இன்னும் சரியாக வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். தனியாகப் புரியாவிட்டால் அன்பியத்தில் நாலு பேரோடு வாசிக்கிறேன். என் கொழுந்தனார் மாதிரி எதிர்க்கேள்வி கேட்கிறவர் ஒருவராவது கூட இருப்பது நல்லது.

செல்போனை வாங்கி வை. ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டில் யார் கையிலும் போன் கிடையாது என்று சட்டம் போடு. யார் கையிலும் என்றால் உன் கையிலும்தான். அடிக்கக் கூடாது என்று சொன்னேனே தவிரக் கண்டிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. கண்டிப்பது அடிப்பதைவிடக் கஷ்டம். அதற்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். நான் அன்று அந்தப் பையனிடம் “ஏன்ப்பா லேட்டு?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அடிக்கிற கைக்கு அந்த ஒரு கேள்வி கேட்க நேரம் இருப்பதில்லை.

நீங்களே அடித்துத்தானே ஆளாக்கினீர்கள் என்றாய். வாட்ஸ்அப் குழுவிலும் பலர் அப்படிச் சொல்கிறீர்கள். டீச்சர் அடி இல்லாவிட்டால் நான் இல்லை என்று எழுதுகிறீர்கள். அன்பால் சொல்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் தயவுசெய்து இனி அப்படி எழுத வேண்டாம். நீங்கள் ஆளானது உங்கள் உழைப்பால், உங்கள் அப்பா அம்மா பட்ட பாட்டால், கடவுள் கிருபையால். என் பிரம்பால் இல்லை. பிரம்பையும் தாண்டித்தான் ஆளானீர்கள். அந்தக் குழுவில் எதுவுமே எழுதாமல் வாசித்துவிட்டு மட்டும் போகிற பிள்ளைகள் சிலர் உண்டு. இந்தப் பதிவு அவர்களுக்கும்தான். உங்களில் யாரையாவது கையாலோ, பிரம்பாலோ, சொல்லாலோ நான் காயப்படுத்தியிருந்தால் மன்னியுங்கள். இன்பாக்ஸில் எழுதினால் வாசிப்பேன். எழுத மனம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இதைப் போடுவதற்கு முன்னால் நேற்று ராத்திரி அந்த மாணவனுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். 1991-ல் அவனும் அந்த வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் இருந்தவன். வாசித்து முடித்த பிறகும் ரொம்ப நேரம் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு சொன்னான்: “முதுகுல மருந்து போட்டு விட்டேன் டீச்சர். பய திரும்பியே பாக்கல. என்ன சொல்லன்னு தெரியல.”

“தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லு. அது போதும்” என்றேன்.

“சொல்லிருவேனா டீச்சர்?”

“எனக்கு முப்பத்தொரு வருசம் ஆச்சு. நீ இன்னைக்கே சொல்லிரு.”

எல்லோரும் அவன் குடும்பத்துக்காக இன்று ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசீர். மாதா காப்பாற்றட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்